சுரப்பிகளும் கண் அழுத்தமும்: கொஞ்சம் சரித்திரம்

2001-க்கும் 2004-க்கும் இடைப்பட்ட காலத்தில் சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆராய்ச்சிப் பிரிவினர் நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் கிராமம் கிராமமாகப் போய் நாற்பது வயது தாண்டியவர்களின் கண்ணைப் பரிசோதித்தார்கள். 'சென்னை கிளாக்கோமா ஆய்வு' என்று அதற்குப் பெயர். கிராமப் பகுதியில் மட்டும் ஏறக்குறைய 3900 பேர். அவர்களில் 64 பேருக்குத் திறந்த கோண கிளாக்கோமா இருப்பது தெரியவந்தது. அந்த 64 பேரில் தனக்கு அந்த நோய் இருப்பது முன்பே தெரிந்திருந்தவர் ஒரே ஒருவர்! மற்ற 63 பேரும் வயலுக்குப் போய், மாடு மேய்த்து, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, தங்கள் பாட்டுக்கு இருந்திருக்கிறார்கள். பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிவருவது தெரியவில்லை.

இந்த எண்ணிக்கையை நண்பர்களிடம் சொன்னால் உடனே வருகிற கேள்வி, "எதனால் சார் வருகிறது?" என்பதுதான். வயது, பரம்பரை என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலோருக்குக் காரணம் இதுதான் என்று மருத்துவர்களாலேயே அறுதியிட்டுச் சொல்ல முடிவதில்லை. ஆனால் ஒரு பகுதியினருக்குக் காரணம் கண்ணில் இல்லை. கழுத்திலும், வயிற்றுக்குப் பின்னாலும், சிறுநீரகத்தின் தலைமேலும் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகளில் இருக்கிறது. அந்தச் சம்பந்தம் கண்டுபிடிக்கப்பட்ட விதம் சுவையானது. அதில் சென்னைக்கும் பங்குண்டு, நான் படித்த பிரெஞ்சு மொழிக்கும் பங்குண்டு. அதனால்தான் எழுதத் துணிந்தேன். நான் வைத்தியன் அல்ல, ஓய்வு பெற்ற குமாஸ்தா. படித்ததைச் சொல்கிறேன்.

முதலில் நோயைச் சொல்லிவிட வேண்டும். நம் மாவட்டம் ஏரி மாவட்டம். ஏரியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். கண்ணின் முன்பாகத்தில் தெளிவான ஒரு நீர் ஓயாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. (கண்ணீர் வேறு, இது வேறு. இது உள்ளே.) கருவிழியின் ஓரத்தில், கோணம் என்று சொல்லும் மூலையில், சல்லடை போன்ற ஒரு திசு இருக்கிறது. அதன் வழியாக இந்த நீர் வடிந்து நரம்பு இரத்தத்தில், அதாவது சிரை இரத்தத்தில், கலந்துவிடுகிறது. வரத்தும் வடிதலும் சமமாக இருக்கும்வரை உள்ளழுத்தம் பத்திலிருந்து இருபத்தொன்று மில்லிமீட்டர் பாதரசம் என்ற கணக்கில் நிற்கும். மதகு அடைத்துக்கொண்டால் ஏரிக்கரைக்கு என்ன ஆகுமோ அதுதான் கண்ணுக்கும். ஏரியில் கரை உடையும்; கண்ணில் பின்பக்கத்துப் பார்வை நரம்பு நசுங்கும். அந்த நரம்பில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் உண்டு. செத்த இழை செத்ததுதான், மறுபடி முளைக்காது. அழுத்தம் சாதாரணமாக இருக்கும்போதே நரம்பு கெடுகிறவர்களும் உண்டு. அது வேறு கிளை, இப்போது அதற்குள் போகவில்லை.

அழுத்தம் ஏறினால் கண் கல்போல் கெட்டிப்படும் என்று 1830-இல் கிளாஸ்கோ நகரத்து மெக்கன்சி எழுதி வைத்தார். 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உள்ளே பார்க்கும் கருவியைச் செய்தார். 1857-இல் பெர்லினில் ஃபான் கிரேஃபே கண்மணித் திரையில் ஒரு துண்டை வெட்டியெடுத்து அழுத்தத்தைக் குறைக்கலாம் என்று காட்டினார். அதுவரை இந்த நோய்க்கு வழியே கிடையாது.

இனி நம் சென்னை. கிழக்கிந்தியக் கம்பெனி 1819-இல் சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரி தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடி உலகத்திலேயே பழமையான கண் ஆஸ்பத்திரி என்று சொல்லப்படுவது இதுதான். பிறகு இடம் மாறி, 1880-களில் எழும்பூருக்கு வந்தது. இன்றும் அங்கேயே இருக்கிறது. 1904-இல் இதற்குக் கண்காணிப்பாளராக வந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட், இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த இராணுவ டாக்டர். (பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அது எட்வர்டு எலியட் என்ற மாஜிஸ்திரேட்டின் பெயர். பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

எலியட் செய்தது என்னவென்றால், கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் இடத்தில், நுண்ணிய உருளைக் கத்தியால் சுமார் இரண்டு மில்லிமீட்டர் வட்டமாக ஒரு துளை போட்டு, அடைபட்ட மதகுக்குப் பதில் புதுக் கலங்கல் வெட்டிவிட்டார். மேலே கண்ணின் மெல்லிய தோலை இழுத்து மூடினார். நீர் அந்தத் தோலுக்கடியில் கசிந்து வற்றிவிடும். 1909-இல் எழும்பூரில் தொடங்கிய இந்த முறை சில வருஷங்களில் உலகம் பூராவும் 'எலியட் அறுவை' என்று பரவியது. இதே எண்ணத்தில், வேறு விதமாக வெட்டும் ஒரு முறையை மூன்று வருஷம் முன்பே 1906-இல் போர்தோ நகரத்து ஃபெலிக்ஸ் லக்ராஞ்ஜ் வெளியிட்டிருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் லக்ராஞ்ஜ் என்பார்கள், ஆங்கிலேயர்கள் எலியட் என்பார்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியிலும் பிறகு இந்தப் பக்கத்து ஆபீஸிலும் காலம் தள்ளிய எனக்கு இரண்டு பேரும் வேண்டியவர்களே. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கையில் எழும்பூரோடு போர்தோ போட்டி போட்டிருக்க முடியாது. 1856-லேயே இராயபுரத்திலிருந்து நம் திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. உள்நாட்டு ஜனங்களுக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரி எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

எலியட்டைப் பற்றி இன்னொன்று. ஊர் திரும்பிய பிறகு இவர் லண்டன் மாயவித்தைக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்து, இந்தியக் கயிற்று வித்தையை வெட்டவெளியில் செய்து காட்டுகிறவருக்கு 500 கினி பரிசு என்று 1934-இல் அறிவித்த குழுவுக்குத் தலைவராக இருந்தார். பரிசு யாருக்கும் போகவில்லை. சென்னையில் பத்து வருஷம் இருந்த மனிதருக்கு எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவது என்ற பழக்கம் ஊறிவிட்டது போலும்.

இத்தனை செய்த எலியட்டும் அடைப்பை நீக்கினாரே தவிர, அடைப்பு ஏன் வந்தது என்ற கேள்விக்கு விடை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அந்தக் கோப்பு அப்போது வேறொரு மேஜையில் இருந்தது.

அந்த மேஜை பாரீஸில். குளோத் பெர்னார் என்ற பேராசிரியர் 1855-இல், கல்லீரல் சர்க்கரையை நேராக இரத்தத்தில் விடுகிறது என்று காட்டி, 'ஸெக்ரெஸியோன் அந்தெர்ன்', அதாவது உட்சுரப்பு என்ற சொல்லை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். எங்கள் பள்ளியில் பெர்னார் பெயரைச் சொல்லும்போதே வாத்தியார் நிமிர்ந்து உட்காருவார். மறுவருஷம், மொரீஷியஸ் தீவில் பிறந்த பிரௌன்-ஸெக்கார், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்டால் பிராணி பிழைக்காது என்று நிரூபித்தார். அதே மனிதர் 1889-இல், எழுபத்திரண்டு வயதில், நாயின் விரையிலிருந்தும் கினிப் பன்றியின் விரையிலிருந்தும் எடுத்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பியது என்று சபையில் அறிவித்தார். பாரீஸ் சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் சுரப்பிகளைப் பற்றிய ஆராய்ச்சி சூடு பிடித்தது என்னவோ உண்மை. 'ஹார்மோன்' என்ற சொல் 1905-இல்தான் வந்தது. லண்டனில் ஸ்டார்லிங் சொன்னார். 'தூண்டுவது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. ஆக, எலியட் எழும்பூரில் பொறுப்பேற்ற மறு வருஷம்தான் ஹார்மோனுக்கே பெயர் சூட்டு விழா நடந்திருக்கிறது.

இரண்டு கோப்புகளும் ஒன்றாகச் சேர்ந்தது கார்ட்டிசோனால். அட்ரினல் சுரப்பியின் இந்தச் சரக்கை அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில் ஹெஞ்ச் என்பவர் 1948-இல் மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்தார். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இரண்டே வருஷத்தில், 1950-இல், நோபல் பரிசு. உலகமே கார்ட்டிசோன் பின்னால் ஓடியது. கண் வைத்தியர்களும் சிவந்த கண், எரியும் கண், அழற்சி எல்லாவற்றுக்கும் இதைச் சொட்டத் தொடங்கினார்கள். கண் வெளுத்தது, எரிச்சல் நின்றது. பிறகு, சிலருக்குக் கண் அழுத்தம் மடமடவென்று ஏறுவதைக் கவனித்தார்கள். 1950-இலேயே மெக்லீன் என்ற அமெரிக்கர் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். விஷயத்தை அழுத்தமாகப் பதிவு செய்தது பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து ஜூல் ஃபிரான்ஸுவா. 1954-இல் வந்த அவர் கட்டுரை பிரெஞ்சு மொழியில். தலைப்பு 'கார்ட்டிசோனும் கண் அழுத்தமும்'. கண் அழுத்தத்தைச் சரியாக அளக்க இன்றுவரை எல்லா ஆஸ்பத்திரியிலும் நம்புகிற கோல்ட்மன் கருவி பற்றிய கட்டுரையும் அதே 1954, அதுவும் பிரெஞ்சில்தான். கோல்ட்மன் ஸ்விட்சர்லாந்துக்காரர்.

1954 என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரே ஒரு ஞாபகம்தான்: நவம்பர் 1, பாண்டிச்சேரி இந்தியாவின் கைக்கு வந்த நாள். எனக்கு அப்போது நாலு வயது. மிட்டாய் கொடுத்தார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதே வருஷம் இராயபுரத்தில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். அதற்குப் பிறகு வருகிறேன்.

1963 வாக்கில் அமெரிக்காவில் அர்மாலி, பெக்கர் இருவரும் தனித்தனியே, நல்ல கண் உள்ளவர்களுக்கும் சில வாரம் ஸ்டீராய்டு சொட்டு விட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவு ஏறியது. நூற்றில் ஐந்தாறு பேருக்கு மிகவும் ஏறியது. கிளாக்கோமா ஏற்கெனவே உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஏறியது. ஸ்டீராய்டு அந்தச் சல்லடைத் திசுவில் வேண்டாத சவ்வுப் பொருளைப் படியவைக்கிறது. அங்கே குப்பை வாரும் உயிரணுக்களின் வேலையையும் மந்தமாக்குகிறது. மதகில் வண்டல் சேர்ந்த கதைதான்.

வெளியிலிருந்து சொட்டும் ஹார்மோன் இப்படிச் செய்தால், உடம்பே அதிகமாகச் சுரந்தால்? அதுவும் உண்டு. 1932-இல் ஹார்வி குஷிங் விவரித்த நோயில், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் வரும் சின்னக் கட்டி அட்ரினலை முடுக்கிவிடும். முகம் நிலாப்போல் வட்டமாகும், பிடரியில் கொழுப்புச் சேரும், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழும். இவர்களில் சிலருக்குக் கண் அழுத்தமும் உயர்கிறது. கட்டியை எடுத்து, சுரப்பு அடங்கினால் அழுத்தமும் இறங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். இது அபூர்வ நோய். நம் பக்கத்தில் அபூர்வம் இல்லாதது சொட்டு மருந்து.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பையன், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. தூசியோ புகையோ, கண் எப்போதும் அரிக்கும். யாரோ ஒரு தடவை எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து நன்றாகக் கேட்டது. சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில் அதே புட்டியை வாங்கி வாங்கி ஒன்றரை வருஷம் விட்டிருக்கிறான். சட்டப்படி ஸ்டீராய்டு சொட்டை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, புட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. யார் பார்க்கிறார்கள்? மோட்டார் சைக்கிளில் போகும்போது இடப்பக்கம் வந்த ஆளைத் தெரியாமல் இடித்த பிறகுதான் பரிசோதனைக்குப் போனான். இடது கண்ணில் நடுப்பார்வை மட்டும் மிச்சம். மருந்தை நிறுத்தினார்கள், அழுத்தம் சில வாரங்களில் இறங்கிவிட்டது. போன பார்வை வரவில்லை. முப்பத்திரண்டு வயது, ஒரு பெண் குழந்தை.

பூண்டிக்குப் போகிறவர்கள் ஊன்றீஸ்வரர் கோயிலைப் பார்த்திருப்பார்கள். திருவெண்பாக்கத்திலிருந்த கோயில், 1940-களில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது இடம் மாற்றினார்கள். சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் திருவொற்றியூரில் இரண்டு கண்ணும் இழந்த சுந்தரருக்கு இங்கே ஊன்றுகோல்தான் கிடைத்தது. இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும் கிடைத்தன. அந்தப் பையனின் தாயார் அங்கே போய்விட்டு வந்தார். நானும் போய்க் கும்பிடுகிறவன்தான். திருவள்ளூர் வைத்திய வீரராகவர் குளத்தில் அமாவாசையன்று வெல்லம் கரைக்கிறவர்களோடு நானும் நின்றிருக்கிறேன். ஆனால் சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்லும் வேலையை அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ பிரெட்னிசோலோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். வெளியிலிருந்து வருவதை நம்பி அட்ரினல் தூங்கியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டு, கண் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வதுதான் முறை.

இப்போது சர்க்கரை. இதுவும் ஹார்மோன் கோளாறுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். கணையத்துக்குள் திட்டுத்திட்டாக இருக்கும் திசுக்களை முதலில் பார்த்தவர் ஜெர்மானியர் லாங்கர்ஹான்ஸ், 1869-இல். 1893-இல் அவற்றுக்கு அவர் பெயரையே வைத்து, இவை உட்சுரப்புச் செய்பவை என்று சொன்னவர் பிரெஞ்சுக்காரர் லகெஸ். 1921-இல் கனடாவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு முன்னால் சர்க்கரை நோயாளிகள், முக்கியமாகக் குழந்தைகள், கண் கெடும்வரை உயிரோடு இருப்பதே அரிது. இன்சுலின் ஆயுளை நீட்டியது. நீண்ட ஆயுளில் விழித்திரைக் கோளாறு வெளியே வந்தது.

சர்க்கரை பல வருஷம் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் விழித்திரையின் நுண் இரத்தக் குழாய்கள் அடைபடும். பிராணவாயு கிடைக்காத விழித்திரை உதவி கேட்டு ஒரு புரதத்தை அனுப்புகிறது. மனுப் போடுவது போலத்தான். மனுவைப் படித்த இடத்திலெல்லாம் புதுக் குழாய்கள் முளைக்கின்றன, வேண்டிய இடம் வேண்டாத இடம் என்ற கணக்கில்லாமல். கண்மணித் திரைமேல் படர்ந்து, வடிகால் கோணத்துக்குள் புகுந்து, சுருங்கி, அதை ஜிப் போட்டு மூடுவதுபோல் மூடிவிடுகின்றன. இது மற்ற கிளாக்கோமாபோல் சாதுவானது அல்ல. கண் சிவந்து, தலை பிளக்கிற வலி வந்து, சில வாரத்தில் பார்வை போய்விடும். வந்தபின் எலியட் வழித்துளையும் இதில் சுலபமாக அடைந்துவிடும். (எலியட் முறையே 1968-இல் கேம்பிரிட்ஜ் டாக்டர் கெய்ர்ன்ஸ் கொண்டுவந்த, துளைக்கு மூடி வைக்கும் திருத்தப் பதிப்பால் வழக்கொழிந்துவிட்டது.) வருமுன் லேசர், கண்ணுக்குள் ஊசி என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் விழித்திரையை யாராவது முன்கூட்டிப் பார்த்திருக்க வேண்டுமே.

சங்கர நேத்ராலயாவினரே பிற்பாடு நம் மாவட்டக் கிராமங்களில் சர்க்கரைக்கென்று தனி ஆய்வு ஒன்றும் செய்தார்கள். நாற்பது வயது தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு விழித்திரைக் கோளாறு. விஸ்வநாதன் இராயபுரத்தில் கடை விரித்த நாளில் இதைப் பணக்கார வியாதி என்றார்கள். இப்போது கடம்பத்தூர் ஸ்டேஷன் டீக்கடையில் காலையில் நின்று பாருங்கள், "சக்கரை இல்லாம ஒண்ணு" என்ற குரல் எத்தனை என்று.

தைராய்டு விஷயம் வேறு மாதிரி. கழுத்துச் சுரப்பி மிதமிஞ்சி வேலை செய்து, விழிகள் பிதுங்கி நிற்கும் நோயை 1835-இல் டப்ளினில் கிரேவ்ஸ் எழுதினார். 1840-இல் ஜெர்மனியில் பாஸெடோ எழுதினார். ஆங்கிலத்தில் கிரேவ்ஸ் நோய், பிரெஞ்சில் பாஸெடோ நோய். இந்தச் சண்டையும் தீராது. இதில் கண்ணை அசைக்கும் தசைகள் வீங்கி, எலும்புக் குழிக்குள் இடநெருக்கடி உண்டாகிறது. கண்ணிலிருந்து இரத்தம் திரும்பும் சிரைகள் நெருக்கப்படுகின்றன. மதகு திறந்தேதான் இருக்கிறது. ஆனால் வாய்க்காலில் ஏற்கெனவே தண்ணீர் முட்டி நின்றால் ஏரி எப்படி வடியும்? மேலே அண்ணாந்து பார்க்கும்போது மட்டும் இவர்களுக்கு அழுத்தம் கூடுவதை 1950-களிலேயே அளந்திருக்கிறார்கள். சுரப்பி மந்தமாக வேலை செய்யும் மற்ற வகைத் தைராய்டு நோய்க்கும் கிளாக்கோமாவுக்கும் உறவு உண்டா என்பதில் ஆய்வாளர்கள் இரண்டு கட்சி.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்ப காலத்தில் கண் அழுத்தம் சற்றே குறைவது தெரிந்த விஷயம். நெதர்லாந்தில் ரோட்டர்டாம் நகரத்தில் செய்த ஆய்வு ஒன்று, நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றுவிட்ட பெண்களுக்குத் திறந்த கோண கிளாக்கோமா கூடுதலாகக் காணப்படுகிறது என்று 2001-இல் வெளிவந்தது. காரணம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சிறு வயதிலேயே எடுத்துவிட்டவர்கள் நம் கிராமங்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், இந்த ஆய்வை இங்கேயும் யாராவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது.

எழும்பூருக்குப் போகிறவர்களுக்கு: கடம்பத்தூரில் காலை மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் ஆட்டோவுக்கு அதிகம் கேட்கமாட்டார்கள். அங்கே அழுத்தம் அளப்பார்கள், வடிகால் கோணத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள், கண்மணியை விரித்து நரம்பைப் பார்ப்பார்கள். விரித்த பிறகு சில மணி நேரம் எழுத்து மங்கலாக இருக்கும், துணைக்கு ஓர் ஆளை அழைத்துப் போங்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, சர்க்கரை, தைராய்டு ரத்தப் பரிசோதனைத் தாள்கள் இவற்றோடு, வீட்டு அலமாரியில் கிடக்கும் சொட்டு மருந்துப் புட்டிகளையும், காலியானதாக இருந்தாலும் சரி, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூச்சுக்கு உறிஞ்சும் இன்ஹேலர், தோலுக்குத் தடவும் களிம்பு ட்யூப் இருந்தால் அதையும் சேர்த்துத்தான்.